மலையேறத் தயாரான வண்டி

எங்கள் கார் பள்ளத்தில் இறங்கினால் 'கடக்' என்னும். ஏறினால் 'முடக்' என்னும். வேகத்தடை வந்தால் இரண்டையும் சேர்த்துச் சொல்லும். மயிலாப்பூரில் மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டாத தெரு என்று ஒன்று இருந்தால் அதில் மட்டும் வாயை மூடிக்கொண்டு போகும். அப்படி ஒரு தெருவை நான் இன்னும் பார்க்கவில்லை.

வாங்கும்போது இந்தச் சத்தம் இல்லை. இல்லை என்றுதான் நினைத்தேன். விற்றவர் ஓட்டிப் பார்க்கச் சொன்னது கோட்டூர்புரத்தில் அப்போதுதான் புதிதாகத் தார் போட்டிருந்த சாலையில். அந்தச் சாலையில் கட்டை வண்டிகூடச் சத்தம் போடாது. மனுஷர் விவரமானவர். பின்கண்ணாடி முழுக்கப் பெரிய ஐயப்பன் படம் ஒன்று ஒட்டி வைத்திருந்தார். "சுரண்டி எடுத்துத் தரட்டுமா?" என்று கேட்டார். கூட வந்திருந்த என் அம்மா பதறிப்போய், "சாமியைப் போய் சுரண்டறதாவது! அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றாள். அது பாட்டுக்கு இருந்தது.

கார் வாங்கும் எண்ணமே எனக்கு இருந்ததில்லை. ஸ்கூட்டரிலேயே ஆயுசு முழுக்க ஓட்டிவிடலாம் என்று இருந்தவன் நான். அதற்கு முந்தைய வருடம் என் மனைவிக்கு மூன்றாம் மாதத்தில் கரு கலைந்துபோனது. முந்தின நாள் தி.நகரிலிருந்து ஆட்டோவில் வந்தாள். வழியில் சாலையில் போட்டிருந்த இரும்புத் தகட்டின் மேல் ஆட்டோ ஏறித் தொப்பென்று இறங்கியது. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொன்னார். மனைவி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆனால் அதன் பிறகு எந்த வண்டியில் ஏறினாலும் அவளுடைய இரண்டு கைகளும் வயிற்றின் மேல் போய்விடும். வயிற்றில் ஒன்றுமே இல்லாத மாதங்களில்கூட. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. ஸ்கூட்டரை விற்றுவிட்டுக் காரை வாங்கினேன்.

கார் வந்த சில மாதங்களில் அவள் மறுபடி உண்டானாள். அந்தச் செய்தியைக் கேட்டு வீட்டில் யாரும் குதிக்கவில்லை. வளைகாப்பு வரைக்கும் வெளியே மூச்சு விடக் கூடாது என்று அம்மா உத்தரவு போட்டாள். பக்கத்து வீட்டு மாமி மாவடு கொண்டுவந்து கொடுத்தால்கூட, எதற்காகக் கொடுக்கிறாள் என்று அம்மா சந்தேகத்தோடு பார்த்தாள். அதோடு விடவில்லை. கர்ப்பிணியின் புருஷன் செய்யக் கூடாதவை என்று எனக்குத் தனியாக ஒரு சட்டம் போட்டாள். கடலில் குளிக்கக் கூடாது. தேங்காய் உடைக்கக் கூடாது. பூசணிக்காய் உடைக்கக் கூடாது. மலை ஏறக் கூடாது. சவரம் செய்துகொள்ளக் கூடாது.

"சவரத்துக்கும் குழந்தைக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று எரிந்து விழுந்தேன்.

"போன தடவை நான் ஒண்ணும் சொல்லலை. நீயும் தெனம் வழவழன்னு சவரம் பண்ணிண்டே. என்ன ஆச்சு?" என்றாள்.

தாடி வளர்ந்தது. அலுவலகத்தில் காதல் தோல்வியா என்று கேட்டார்கள். கல்யாணமாகித்தானே இருக்கிறது என்றேன். அதனால்தான் கேட்கிறோம் என்றார்கள்.

சிக்கல் வளைகாப்பில் வந்தது. கார்த்திகை மாதக் கடைசியில் நாள் பார்த்திருந்தார்கள். வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அவள் பிறந்த வீடு அடையாற்றில். மந்தைவெளி தாண்டி, கிரீன்வேஸ் சாலை தாண்டி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். குக்கரை அடுப்பில் வைத்துவிட்டுப் போய் வந்துவிடலாம். ஆனாலும் வழக்கம் வழக்கம்தான். சீமைக்குக் கப்பல் ஏறுகிறவளை வழியனுப்புகிற மாதிரி அழுது அனுப்ப வேண்டும்.

என் மாமனார் ஃபோன் செய்தார். "மாப்பிள்ளை, தப்பா நெனச்சுக்காதீங்கோ. நான் ஒரு நல்ல டாக்ஸியாச் சொல்லிடறேனே. உங்க வண்டி எங்காத்து வாசலுக்கு வரதுக்கு முன்னாடியே, தெருமுனையில திரும்பறச்சயே எங்களுக்குக் கேக்கறது."

எனக்குச் சுள்ளென்று வந்தது. மனைவியிடம் சொன்னேன். அவள் அப்பாவையும் விட்டுக்கொடுக்கவில்லை, என்னையும் விட்டுக்கொடுக்கவில்லை. அதுதான் வினை.

"டாக்ஸி வேண்டாம். ஓட்டறவன் யாரோ எவனோ, மெதுவாப் போங்கோன்னா முறைப்பான். நீதான் ஓட்டணும்" என்றாள்.

"அப்படிச் சொல்லு."

"இரு, முடிக்கலை. இந்தச் சத்தம் இருக்கற வரைக்கும் உன் வண்டியில ஏற மாட்டேன். ஒவ்வொரு கடக்குக்கும் எனக்கு உள்ள என்னமோ பண்றது. பயமா இருக்கு."

கடைசி வார்த்தையை மிக மெதுவாகச் சொன்னாள். மறுநாள் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு கோடம்பாக்கம் போனேன்.

அங்கே ஒரு சந்தில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக்கை நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார். ஐம்பது வயது இருக்கும். தொந்தி, கழுத்தில் துண்டு, ஓயாத வாய். கிரீஸ் பட்டாலும் தெரியாமல் இருக்கட்டும் என்று நான் கறுப்பு டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு போயிருந்தேன். நான் இறங்கியதும் அந்த மனிதர் பற்றவைத்திருந்த பீடியைக் கீழே போட்டு மிதித்தார். என்னை ஒரு தரம் பார்த்தார். வண்டியை முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்தார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "வாங்க சாமி" என்றார்.

மயிலாப்பூர்க்காரனை இந்த ஊரில் பாதிப் பேர் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. என்ன மரியாதையான மனிதர் என்று மட்டும் நினைத்தேன். முட்டை பஃப்ஸ் வாங்கிவரச் சொல்லட்டுமா என்று கேட்டவர், நான் வாயைத் திறப்பதற்குள் தானே நாக்கைக் கடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்கோ சாமி, மறந்துட்டேன்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். முட்டைக்கு இவ்வளவா என்று எனக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது.

வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினார். சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார். அது தளர்ந்த பல் மாதிரி ஆடியது. அடியில் படுத்து ஒரு கம்பியால் நெம்பிக் காட்டினார். சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கையின் முனையில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. புஷ் என்கிறார்கள். அது கிழிந்து நார் நாராகத் தொங்கியது.

"ரப்பர் செத்துப் பூட்ச்சு சாமி. சக்கரம் திரும்புற மூட்டு, பால் ஜாயிண்டு, அதுவும் லூசாக் கீது. இரும்பும் இரும்பும் மோதிக்கினு கீதுங்க. ரெண்டு பக்கமும் மாத்திடலாம்" என்றார். பிறகு விசாரித்தார். "எப்ப கெளம்பணும்?"

"கார்த்திகை முடியறதுக்குள்ள போயாகணும்."

"அதானே. எத்தினி பேரு?"

"ரெண்டு மூணு பேர்தான். லக்கேஜ் நிறைய இருக்கும்."

"இருக்கும், இருக்கும். இருக்கணும். ரோடு எப்டி?"

"சொல்லவே வேண்டாம். ரொம்ப மோசம்."

"நல்லபடியாப் போயிட்டு வருவீங்க. எத்தினியாவது வருசம்?"

கல்யாணமாகி எத்தனை வருடம் என்று கேட்கிறார் போலும், என்ன ஆளப்பா இவர் என்று நினைத்துக்கொண்டு, "நாலாவது" என்றேன். அவர் வண்டியை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நாலு வருடம் குடும்பம் நடத்தியதற்கு என்னை யாரும் அதுவரை கும்பிட்டதில்லை.

இரண்டு நாள் கழித்து வண்டியை எடுக்கப் போனேன். சாவியைக் கொடுக்குமுன் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். "சாமி, நீங்க சொல்லாததும் ஒண்ணு செஞ்சிக்கீறேன். அதுக்குத் துட்டு வேணாம். அது என் காணிக்கை" என்றார். மெக்கானிக் ஒருவர் தன் வேலையைக் காணிக்கை என்று சொல்கிறாரே, எவ்வளவு உயர்ந்த உள்ளம் என்று நெகிழ்ந்துபோய், என்ன செய்தார் என்றுகூடக் கேட்காமல் வண்டியை எடுத்தேன்.

சத்தம் போய்விட்டது. சுத்தமாகப் போய்விட்டது. பனகல் பூங்காவைச் சுற்றி வரும்போது எனக்குப் பாட்டே வந்தது. அந்தப் பாட்டு அடுத்த வேகத்தடையில் பாதியில் நின்றது. கடக்கும் இல்லை, முடக்கும் இல்லை. ஆனால் வண்டி என்னை இருக்கையிலிருந்து தூக்கிப் போட்டது. முன்பக்கம் கருங்கல்லில் செய்த மாதிரி இருந்தது. புது ரப்பர், பழகினால் இளகிவிடும் என்று என்னையே தேற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து, "ஆச்சு! இனிமே பட்டு மாதிரி போகும்" என்று அறிவித்தேன்.

அம்மா நம்பவில்லை. என் வாயை அவள் என்றைக்குமே நம்பியதில்லை. உள்ளே போய், மூடி இல்லாத தூக்கில் விளிம்புக்கு ஒரு விரல் கீழே ரசம் ஊற்றிக் கொண்டுவந்தாள். மனைவி உட்கார வேண்டிய இடத்தில் அதை வைத்து, சீட் பெல்ட்டும் போட்டாள்.

"அடையாறு பாலம் வரைக்கும் போயிட்டு வா. சிந்தாம கொண்டு வந்தா அவளை ஏத்தலாம்."

"ரசம் எதுக்கு? தண்ணி போதாதா?"

"தண்ணின்னா சிந்தினதைத் துடைச்சுட்டு சிந்தவே இல்லைன்னு சாதிப்பே. ரசம்னா கறை பேசும்."

ஜன்னலோரம் நின்றிருந்த மனைவி சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. அதற்காகவே ரசத்தை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

பாலம் வரை போகவே தேவையிருக்கவில்லை. மந்தைவெளியில் மெட்ரோ தடுப்புகளுக்கு நடுவே ஒரு பள்ளம். எனக்குத் தெரிந்து மிதமான பள்ளம்தான். தூக்கிலிருந்த ரசத்தில் பாதி எழுந்து, ஒரு கணம் அந்தரத்தில் நின்று, டாஷ்போர்டின் மேல் விழுந்தது. தக்காளித் துண்டு ஒன்று கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. மீதி என் மடியில். சிக்னலில் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் உள்ளே எட்டிப் பார்த்து, "இன்னா சார், கேட்டரிங்கா?" என்றார்.

வீட்டுக்குப் போகவில்லை. ரசத்தோடு நேராகக் கோடம்பாக்கம் போனேன். வழியெல்லாம் அந்த மெக்கானிக்கிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். பட்டறையில் இறங்கியதும் ஒத்திகையெல்லாம் மறந்து கத்தினேன். "என்னய்யா பண்ணி வெச்சிருக்கே? கல்லு மாதிரி குதிக்கறது!"

அவருக்குக் கோபமே வரவில்லை. பெருமையாகச் சிரித்தார். "குதிக்கும் சாமி. டைட்டா இருந்தாத்தான் மலைக்கு நல்லது. ஸ்பிரிங்கு நடுவுல கெட்டி ரப்பர் வெச்சு வண்டியத் தூக்கி விட்டுக்கீறேன். இருமுடியோட ஆளுங்க ஏறினா அப்டியே அமுங்கும். வளைவுல சாயவே சாயாது. அதான் நான் சொன்ன காணிக்கை."

"எந்த மலைக்கு?"

"இன்னா சாமி, இப்டி கேக்குறீங்க? சபரிமலைக்குத்தான்!"

அவர் என் தாடியைப் பார்த்தார். நான் என் கறுப்பு டீ-ஷர்ட்டைப் பார்த்தேன். இருவரும் திரும்பிப் பின்கண்ணாடியைப் பார்த்தோம். ஐயப்பன் சின்முத்திரையோடு உட்கார்ந்திருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் கேள்விகளுக்கெல்லாம் நான் சொன்ன பதில்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அவர் கேட்டதில் தப்பில்லை. நான் சொன்னதிலும் தப்பில்லை. எதற்காக வண்டி என்ற ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. ஏழு மாதமாக யாரிடமும் சொல்லாமல் வாயைக் கட்டி வைத்திருந்ததில், சொல்ல வேண்டிய இடத்திலும் அது திறக்கவில்லை.

"நான் மலைக்குப் போகலை. மாலையும் போடலை. என் மனைவி..." என்று ஆரம்பித்தேன். ஒரு பட்டறையில், மடியெல்லாம் ரசத்தோடு, முன்பின் தெரியாத மனிதர் முன்னால் நிற்கிறேன். "என் மனைவி மாசமா இருக்கா. ஏழு மாசம். போன தடவை தங்கலை. ஒரு குலுக்கல்கூட இல்லாம அவளை அடையாறு கொண்டுபோய் விடணும். அவ்வளவுதான்."

அந்த வாக்கியத்தை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே உறைத்தது. எங்களுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது.

ஓயாத அந்த வாய் வெடித்தது. "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? மாசமாக் கீற பொண்ணுக்குப் போய் மலை ரப்பர் வெச்சுக்கீறனே! என் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா சோறு போட மாட்டா!" இரண்டு முறை கன்னத்தில் போட்டுக்கொண்டு, குரலைத் தணித்துச் சொன்னார். "எங்க வூட்லயும் மொத ரெண்டும் தங்கல சாமி. அப்பால பொறந்தது இப்ப பி.காம் படிக்குது. கூப்ட்டாத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது. அந்த மாரி வரும், கவலப்படாத."

உடனே படுத்து வேலையை ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். சாமிக்கு என்று வைத்ததைத் திருப்பி எடுக்கலாமா என்று சந்தேகம் வந்துவிட்டது. தானே யோசித்துத் தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். அடுத்த வாரம் ஒரு குருசாமி வேன் வேலைக்கு வருகிறது, நிஜமாகவே மலைக்குப் போகிற வேன், இந்த ரப்பரை அதில் போட்டுவிட்டால் சாமிக்குக் கொடுத்தது சாமிக்கே போய்ச் சேர்ந்துவிடும். வேன் ஸ்பிரிங்குக்கு இந்த ரப்பர் பொருந்துமா என்று கேட்டேன். அவன் பொருத்திப்பான் என்று மேலே கையைக் காட்டினார்.

ரப்பர்களை எடுத்தபின் வண்டியைக் கீழே இறக்கிச் சக்கரங்களில் நிற்க வைத்தார். மலை அவசரத்தில் வண்டியை அந்தரத்தில் தொங்கவிட்டபடியே போல்ட்டுகளை முறுக்கிவிட்டாராம். அப்படி முறுக்கினால் புது புஷ் முறுக்கிக்கொண்டே நிற்குமாம், இளகாதாம். எடை ஏறிய பிறகு முறுக்கினால்தான் அது தன் இடத்தில் நிம்மதியாக உட்காருமாம். "ஏறிக் குந்து சாமி. வூட்டம்மா குந்துற சீட்டுல" என்றார். உட்கார்ந்தேன்.

"அவங்க உன்ன விட வெயிட்டா, கம்மியா?"

"அதை வெளியில சொன்னா என்னை வீட்டுக்குள்ள விட மாட்டா."

புரிந்துகொண்டு, ஒரு பழைய பேட்டரியைத் தூக்கி என் மடியில் வைத்தார். ரசம் ஈரத்தின் மேல் பேட்டரியை அணைத்துக்கொண்டு, பிள்ளைத்தாய்ச்சியாக அவள் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். கீழே அவர் ஸ்பேனரைப் போட்டு முறுக்கினார். அந்தச் சந்தில் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

வளைகாப்பு நன்றாக நடந்தது. இரண்டாவது ரசப் பரீட்சையில் சிந்தியது அரை டம்ளர்கூட இருக்காது. அம்மா கறையைக் குனிந்து பார்த்துவிட்டு, "போனாப் போறது" என்று பாஸ் மார்க் போட்டாள். மனைவி முழங்கை வரை கண்ணாடி வளையல்களோடு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பின்னால் முழுக்கப் பைகள். கதவைச் சாத்தியதுமே இரண்டு கைகளும் வயிற்றுக்குப் போயின. பரிசோதனைக்கு வந்த அதிகாரி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள்.

நான் சாலையைப் பார்த்ததைவிட அந்தக் கைகளைப் பார்த்ததுதான் அதிகம். மந்தைவெளிப் பள்ளத்தில் பூனை நகத்தை ஊன்றி இறங்கி ஏறுகிற மாதிரி வண்டியை இறக்கி ஏற்றினேன். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும். சத்தமே இல்லை. வளையல்கள் மட்டும் லேசாகச் சிணுங்கின. "இவ்வளவு மெதுவாப் போனா குழந்தை வழியிலேயே ஸ்கூலுக்குப் போயிடும்" என்றாள். கிரீன்வேஸ் சாலையில் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தவள் பேச்சை நிறுத்தினாள். பயந்துவிட்டாளோ என்று திரும்பினேன். தலை கதவுப் பக்கம் சாய்ந்திருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. பாலத்தின் மேல் போகையில் ஒரு கை நழுவிச் சீட்டில் விழுந்தது. பாலம் இறங்கும்போது இன்னொரு கையும்.

அடையாற்று வீட்டு வாசலில் மாமியார் ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தார். பக்கத்தில் மாமனார், தெருமுனையில் சத்தம் கேட்காததால் வாட்சைப் பார்த்தபடி. நான் இன்ஜினை அணைக்காமல் உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன்.

"என்னாச்சு? மயக்கமா?" என்று மாமியார் பதறினார்.

"தூங்கறா" என்றேன்.

மாமனார் அவள் பக்கத்து ஜன்னலுக்கு வந்து குனிந்தார். கண்ணாடி வழியாக நெடுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"கையை எடுத்துட்டாளே, மாப்பிள்ளை" என்றார் மிக மெதுவாக. "போன வருஷத்துலேர்ந்து நான் பாத்துண்டேதான் இருக்கேன்."

நான் மட்டும்தான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

"எழுப்ப வேண்டாம். பீச் வரைக்கும் ஒரு சுத்து போயிட்டு வரலாம்" என்றார். பின்கதவைச் சத்தமில்லாமல் திறந்து, பைகளை ஒருபக்கமாகத் தள்ளி, வேட்டியை மடக்கிக்கொண்டு தானே ஏறி உட்கார்ந்தார். ஆரத்தித் தட்டோடு நின்ற மாமியாரிடம் 'இதோ வந்துடறோம்' என்று கையால் சைகை செய்தார். மாமியார் கற்பூரத்தை ஊதி அணைத்தார்.

பெசன்ட் நகர் திரும்புவதற்குள் பின் சீட்டிலிருந்து மெல்லிய குறட்டை கேட்டது. எனக்கு அழுகை வந்தது. கடற்கரை வந்த பிறகும் வண்டியை நிறுத்தவில்லை. நிறுத்தினால் இரண்டு பேரும் விழித்துக்கொள்வார்கள்.